பிரஷர் கணக்கு எங்கே தப்புகிறது

அம்பாசமுத்திரம்,
ஐப்பசிக் கடைசி

அன்புள்ள மாப்ளைக்கு,

பிரஷர் கணக்கெடுப்புக்கு நீ போட்ட கேள்வித்தாள் கிடைத்தது. பக்கம் கொஞ்சம் கூடுதல், அதை விடு. இங்கே பிசான நெல் நடவு நேரம். காலை ஏழுக்கு மேல் ஊருக்குள் போனால் வயசானவர்களும் பீடி சுற்றுகிற பெண்களும்தான் இருப்பார்கள். வயல் வேலைக்காரர்கள் விட்டுப்போனால் ஊரில் பாதிப் பேருக்குப் பிரஷர் என்று கணக்கு காட்டும். சாயங்காலம் ஒரு சுற்று கட்டாயம் வை.

அளக்கிற இடத்தில்தான் அதிகம் கெடுகிறது. பீடிக்காரம்மா தரையில் சம்மணம் போட்டு, மடியில் சொளவு வைத்திருப்பாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்திருக்க மனசு வராது. அப்படியே கையை நீட்டச் சொல்லிப் பார்த்தால் முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கையும் தொங்கும். இரண்டுமே எண்ணை ஏற்றிவிடும். திண்ணையில் உட்கார்த்தினால் கால் தரையில் படாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கை வைக்க ஒரு ஸ்டூல், இரண்டையும் வண்டியில் கட்டிக்கொண்டு போகச் சொல். ஐந்து நிமிஷம் சும்மா இருக்கட்டும். அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று கேள்வி கேட்க ஆரம்பிக்காதே, பேசினாலே ஏறும். அரைமணிக்குள் காப்பியோ புகையிலையோ போட்டிருந்தால் அடுத்த வீட்டைப் பார்த்துவிட்டு வா. மூன்று தடவை பார்த்து, முதலாவதைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டுக்கும் சராசரி போடு.

மெஷினோடு வருகிற கஃப், அதாவது கையில் சுற்றுகிற பட்டை, பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான். பருத்த கையில் அதைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். தையல் டேப் எட்டணா சமாச்சாரம்; முதலில் கையை அளந்து எழுது. இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவதும் ஆகாது. வாரம் ஒருமுறை கடைசி இலக்கத்தை எண்ணிப் பார். டிஜிட்டல் மெஷினில் பத்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியணும். 130, 140, 150 என்றே வந்தால் யாரோ வீட்டிலிருந்து எழுதுகிறார்கள்.

இன்னொன்று, வகுக்கும் எண். பிரஷர்காரர்கள் 200 பேர் பதிவு, 110 பேர் திரும்ப வந்தார்கள், அதில் 77 பேர் 140/90-க்குக் கீழே, அதாவது கட்டுப்பாட்டில், என்று வைத்துக்கொள். 110-ஆல் வகுத்தால் 70 சதம், 200-ஆல் வகுத்தால் 38.5. வராதவரைக் கட்டுப்பாட்டில் இல்லாதவர் என்றே எண்ணு. முதல் எண்தான் மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் வாங்கினது வேறு, விழுங்கினது வேறு. டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி மாத்திரையை எண்ணு. மிச்சம் இருந்தால் காலைப் பார். அம்லோடிப்பின் என்கிற பிரஷர் மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும், பெண்களுக்குக் கூடுதல்; நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை என்றால் கேட்கவே வேண்டாம். ‘கிட்னி போச்சு’ என்று பயந்து தாங்களே நிறுத்திவிடுவார்கள். சிறு தமனிகள் விரிந்து, நுண்குழாயிலிருந்து நீர் கசிவதால் வருகிற வீக்கம் அது, நீர் மாத்திரைக்குச் சரியாக மசியாது. டாக்டர் அதன் அளவைக் குறைத்து டெல்மிசார்டன் என்கிற வேறொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தால் பெரும்பாலும் வடியும். ‘ஏன் நிறுத்தினீர்கள்’ என்ற கேள்விக்குக் கீழே கால் வீக்கத்துக்கு ஒரு கட்டம் போடு. இப்போது ‘மற்றவை’க்குள் கிடக்கிறது.

உப்புப் பகுதியைப் பற்றி அடுத்த கடுதாசியில். அதுவரை கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் மாப்ளை