விரிவாக்கலாம் என்று சொல்லி விற்ற எடிட்டிங் கணினி பற்றிய புகார்

அனுப்புநர்:
பங்குதாரர்கள்,
படத்தொகுப்பு மற்றும் கலர் கிரேடிங் கூடம்,
வடபழனி, சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: விரிவாக்க வசதிக்கென்று கூடுதல் விலை வாங்கிக்கொண்டு, அந்த வசதி இல்லாத வொர்க்ஸ்டேஷனை அனுப்பியது, பாகங்களை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

உங்கள் கொட்டேஷனில் இரண்டு தெரிவுகள் இருந்தன. முதலாவது ரூ. 2,84,000, இரண்டாவது ரூ. 3,42,000. இரண்டிலும் அதே ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, அதே 64 ஜிபி ராம், அதே எஸ்எஸ்டிகள். இன்றைய வேலைக்கு முதலாவதே தாராளம். இரண்டாவதில் மட்டும் “இசட்790 மதர்போர்டு அல்லது இணையானது, 14900கே, 1000 வாட் பவர் சப்ளை, பின்னாளில் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு, 10 கிகாபிட் நெட்வொர்க், வீடியோ அவுட்புட் கார்டு, 128 ஜிபி ராம் வரை விரிவாக்கலாம்” என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் 58,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோம்.

வந்த பெட்டியில் இருப்பது பி760 மதர்போர்டு. “இணையானது” என்ற சொல்லுக்குள் இதை அடக்கியிருக்கிறீர்கள். பிராசசர் பொருந்தும், ராம் பொருந்தும், கணினியும் ஓடும் என்பதெல்லாம் சரி. ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே விரிவாக்கத்தில்தான் இருக்கிறது. இசட்790 போர்டின் சிப்செட்டிலிருந்து (பிராசசருக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவே நிற்கும் சிப்) நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் (கார்டுகளுக்குத் தரவு போய்வரும் பாதைகள்) 20 வரை கிடைக்கும். பி760ல் 10 மட்டுமே. சிப்செட்டைப் பிராசசரோடு இணைக்கும் பாதையும் அதில் 8 லேன், இதில் 4. பிராசசரின் 16 லேனை எட்டு எட்டாக இரண்டு ஸ்லாட்டுக்குப் பிரிக்கவும் பி760ல் வழியில்லை.

நடைமுறையில் இது எங்கே இடிக்கிறது என்றால்: கீழே இருக்கும் நீளமான ஸ்லாட் பார்க்க 16 லேன் போல இருந்தாலும் உள்ளே 4 லேன்தான், அதுவும் சிப்செட்டிலிருந்து வருவது. நிறம் சீர்செய்யும் கிரேடிங் மானிட்டருக்கான டெக்லிங்க் மினி மானிட்டர் 4கே என்ற வீடியோ அவுட்புட் கார்டுக்கு 4 லேன் வேண்டும், அதை அங்கே போட்டோம். உடனே மூன்றாவது எம்.2 ஸ்லாட்டில் (எஸ்எஸ்டி மாட்டும் இடம்) இருந்த, தற்காலிகக் கோப்புகளுக்கான கேச் டிரைவ் காணாமல் போனது. இரண்டும் ஒரே லேன்களைப் பகிர்வதாகப் போர்டின் மேனுவலிலேயே அடிக்குறிப்பு இருக்கிறது. கொட்டேஷன் போட்டவர் அதைப் படித்திருக்க வேண்டும்.

இனி 10 கிகாபிட் கார்டுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு 1 லேன் ஸ்லாட். எங்களிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை 4 லேன் கார்டு. ஸ்லாட்டின் பின்முனை மூடியிருப்பதால் அது உட்காரவே இல்லை. ரைசர் (இடையில் மாட்டும் இணைப்பு) வைத்து உட்காரவைத்தாலும் மூன்றாம் தலைமுறையின் ஒரு லேன் நொடிக்கு 1 ஜிபியைத் தொடாது. 10 கிகாபிட்டுக்கு 1.25 ஜிபி வேண்டும். நாங்கள் எடிட் செய்யும் வீடியோ வடிவமான புரோரெஸ் 422 எச்கியூ, யுஎச்டி (4கே) அளவில் 25 ஃபிரேமில் ஒரு ஸ்ட்ரீமுக்கு நொடிக்கு 737 மெகாபிட், அதாவது நொடிக்குச் சுமார் 92 எம்பி. சாதாரண கிகாபிட் கேபிளில் ஒரு கேமரா ஆங்கிள் ஓடும், இரண்டாவது திணறும். மூன்று கேமரா மல்டிகேமைப் பொதுச் சேமிப்பகத்திலிருந்து நேராக எடிட் செய்யத்தான் இந்தக் கார்டே.

பவர் சப்ளை ஸ்டிக்கரில் 750 வாட் என்று இருக்கிறது. 4080 சூப்பருக்கு 320 வாட், பிராசசர் முழு வீச்சில் 253 வாட். இன்றைக்கு இது போதும். ஆனால் 285 வாட் எடுக்கும் 4070 டிஐ சூப்பர் ஒன்றை இரண்டாவதாகச் சேர்த்தால் இந்த மூன்றுமே 858 வாட் ஆகிவிடும். 1000 வாட் கேட்டதன் காரணம் இதுதான், ஆடம்பரம் அல்ல.

பிராசசர் விஷயம் விரிவாக்கத்தோடு நிற்கவில்லை, இன்றைய வேலையையே கெடுக்கிறது. வந்திருப்பது இன்டெலின் 14900கே அல்ல, 14900கேஎஃப். இதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, ஆகவே சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் குயிக் சிங்க் வசதி கிடையாது. “தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதே, அது எதற்கு?” என்று உங்கள் டெக்னீஷியன் போனில் கேட்டார். விளையாட்டுக் கணினிக்கு அது நியாயமான கேள்வி. சோனி ஏ7எஸ் 3 போன்ற கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்.265 ஃபைல்களை ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டுகளின் டீகோடர் பிரிக்காது. இன்டெலின் குயிக் சிங்க் பிரிக்கும். அது இல்லாததால் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் கட்டண ஸ்டுடியோ பதிப்பிலும் முழுச் சுமை பிராசசர் கோர்கள் மேல் விழுகிறது. இரண்டு ஆங்கிள் ஓட்டினால் ஃபிரேம் விடுகிறது, ஃபேன் அலறுகிறது. டாஸ்க் மேனேஜரில் ஒரே ஒரு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) தெரிவதையும், போர்டின் எச்டிஎம்ஐ வாயில் படம் வராததையும் நீங்களே பார்க்கலாம்.

ராமை 16 ஜிபி வீதம் நான்கு ஸ்டிக்காகப் போட்டு எல்லா ஸ்லாட்டையும் அடைத்திருக்கிறீர்கள். 128 ஆக்க வேண்டுமானால் நான்கையும் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும். இந்த டிடிஆர்5 வகை ராமில் நான்கு ஸ்டிக் போட்டால் வேகமும் இறங்கும்: பில்லில் 5600, சிபியு-இசட் என்ற சோதனை மென்பொருளில் 4400. 32 ஜிபி இரண்டு ஸ்டிக் போட்டிருந்தால் இன்றைக்கு முழு வேகம் கிடைத்திருக்கும், நாளைக்கு இரண்டு ஸ்லாட் காலியாக இருந்திருக்கும்.

பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) 2024 ஆகஸ்டுக்கு முந்தைய பதிப்பு. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களின் வோல்டேஜ் கோளாறுக்கு இன்டெல் வெளியிட்ட மைக்ரோகோட் (பிராசசரின் உள் கட்டளைகள்) திருத்தங்கள் அதில் இல்லை. அதை நாங்களே ஏற்றிக்கொண்டோம்.

கிராபிக்ஸ் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் திரைப்படத்தையும் (ஸ்க்ரீன்ஷாட்) இத்துடன் வைத்திருக்கிறோம். கார்டு சும்மா இருக்கும்போது அது பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.1 என்று காட்டுவது மின்சேமிப்புக்காக என்று தெரியும். அதை வைத்து வழக்குப் பேச வரவில்லை. ரெண்டர் சோதனை ஓடும்போது எடுத்த படத்தையே வைத்திருக்கிறோம்.

பெட்டியின் பக்கவாட்டு ஸ்க்ரூ மேல் “சீலைக் கிழித்தால் வாரண்டி ரத்து” என்ற ஸ்டிக்கர் வேறு. விரிவாக்கலாம் என்று விற்ற கணினியைத் திறக்கக் கூடாது என்றால் கார்டை எந்த வழியாகப் போடுவது? உங்கள் டெக்னீஷியன் வாட்ஸ்அப்பில் அனுமதி தந்த பிறகுதான் திறந்தோம். அந்த உரையாடலின் நகலும் இணைப்பில் உண்டு.

எங்கள் கோரிக்கை இது. கிராபிக்ஸ் கார்டுக்கு அப்பால், எம்.2 ஸ்லாட்டுகளோடு லேன் பகிராத இரண்டு 4 லேன் ஸ்லாட்டுகளாவது உள்ள இசட்790 ஏடிஎக்ஸ் (முழு அளவு) போர்டு வேண்டும். 4080 சூப்பர் மூன்று ஸ்லாட் அகலத்தை அடைப்பதால், அதன் அடியில் மறையாத இடத்தில் அவை இருக்க வேண்டும். எட்டு எட்டாகப் பிரியும் போர்டானாலும் சம்மதம். கிராபிக்ஸ் கார்டு 8 லேனில் ஓடினால் எடிட்டிங்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதோடு 14900கே, 1000 வாட் பவர் சப்ளை, 32 ஜிபி ராம் இரண்டு. சீல் நிபந்தனையை நீக்கியதாக எழுத்தில் ஒரு வரியும் வேண்டும். இவற்றைத் தர இயலாதென்றால், கணினியை முதல் தெரிவாகவே கணக்கில் வைத்து ரூ. 58,000 திருப்பித் தாருங்கள். அப்போதும் பிராசசரை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும். வித்தியாசத் தொகை இருந்தால் கொடுக்கிறோம்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்துவிட்டு, சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வோம். வணிகத்துக்கு வாங்கிய பொருள் என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துவோரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது.

கணினியை எடுக்க ஆள் அனுப்பினால் முந்தைய நாளே சொல்லுங்கள். வாடிக்கையாளர்களின் ஃபுட்டேஜ் உள்ள எஸ்எஸ்டிகளைக் கழற்றி எங்களிடம் வைத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் கார்டையும் கழற்றி அதன் அட்டைப்பெட்டியில் தனியாகத் தருகிறோம். போர்டில் மாட்டிய நிலையில் அவ்வளவு கனத்தை வண்டியில் ஏற்றினால் ஸ்லாட் உடையும்.

இப்படிக்கு,
பங்குதாரர்கள்