பாதி சீசனில் வந்தவர்

பந்தலூர்,
ஞாயிறு இரவு.

அன்பு மகள் தேவிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. தேவாலாப் பக்கம் மரம் விழுந்து நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை, இன்றைக்குச் சாயங்காலம்தான் வந்தது. போனில் பேசினால் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு மழை, ஆனை, சாப்பாடு என்று பேசி வைத்துவிடுகிறேன். அதனால்தான் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போன வாரம் உன் குரல் சரியில்லை. அம்மாவிடம் தலைவலி என்றாய். அவள் போனை என்னிடம் கொடுத்த பிறகுதான் சொன்னாய்: "நான் லைனுக்குள்ள போனாலே எல்லாரும் பேச்சை நிறுத்திடறாங்கப்பா. எதைச் சொன்னாலும், பழைய அக்கா இப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு சொல்றாங்க." ஓவர்லாக் தையல் மெஷினில் ஆரம்பித்து ஒன்பது வருஷத்தில் ஒரு லைனுக்கே சூப்பர்வைசர் ஆனவள் நீ. அன்றைக்கு, "பேசாம மெஷினுக்கே திரும்பிடட்டுமா?" என்று கேட்டாய். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

பனியன் கம்பெனி வேலை எனக்குத் தெரியாது. டார்கெட் எத்தனை, செக்கிங்கில் எத்தனை பீஸ் திரும்பி வரும் என்றெல்லாம் நீ சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் பாதியில் வந்து, அடுத்தவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்காருவது எப்படி இருக்கும் என்பதை நாம் இரண்டு பேரும் ஒரு சீசன் முழுக்கப் பார்த்திருக்கிறோம். 2019-20 ஐ.எஸ்.எல். கால்பந்து, நம் சென்னையின் எஃப்.சி. அணி. நீ லீவுக்கு வரும்போது என்னோடு முக்குக் கடையில் உட்கார்ந்து பார்ப்பாய். வராத நாளில் போன் பண்ணி ஸ்கோர் கேட்பாய்.

முதலில் கிரகரியைச் சொல்ல வேண்டும். நம் அணியின் கோச் ஜான் கிரகரி என்றால் நமக்குச் சாமி மாதிரி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், அவர்கள் மைதானத்திலேயே, 3-2 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர். பெங்களூரின் சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்திலேயே கோல் போட்டபோது நீ எழுந்து போய்விட்டாய். அப்புறம் நமக்கு மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. அந்த மனுஷனுக்கு அடுத்த வருஷமே எல்லாம் தலைகீழானது. 2018-19-ல் பத்து அணியில் பத்தாவது இடம். அதற்கு அடுத்த சீசன் ஆரம்பித்தபோதும் விடியவில்லை. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, கொல்கத்தாவிடம் 0-1, பெங்களூரில் 0-3. ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்தை 2-1 என்று ஜெயித்தோம், அதுவும் தொண்ணூறு நிமிஷம் முடிந்த பிறகு விழுந்த கோல்களில். அடுத்து ஒடிஷாவோடு 2-2. அத்தோடு கிரகரி விலகிவிட்டார். ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி.

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, தேவி. தோற்றதற்காக இல்லை. கோப்பை கொடுத்த மனுஷன் இப்படிப் போகிறாரே என்று. உன் லைனில் இருப்பவர்களுக்கும் அந்தப் பழைய அக்கா அப்படித்தான் இருந்திருப்பார். அவர்கள் முகத்தைத் திருப்புவது உன்மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. பிரிவு ஆறவில்லை, அவ்வளவுதான். அவரைப் பற்றி அவர்கள் பேசினால் பேசட்டும். நீயும் கூட உட்கார்ந்து கேள்.

டிசம்பரில் புது கோச்சாக ஓவன் காய்ல் வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பர்ன்லி என்ற சின்ன ஊர்க் கிளப்பை 2009-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டவர். அதெல்லாம் அப்போது யாருக்கு வேண்டும்? பாதியில் வந்தவர் என்ன கிழிக்கப்போகிறார் என்று கடையில் நானே சொன்னேன். டிசம்பர் 9, ஜாம்ஷெட்பூரோடு 1-1. பிறகு கேரளாவை 3-1 என்று அடித்தபோது கொஞ்சம் நிமிர்ந்தோம். உடனே கோவாவிடம் நம் ஊரிலேயே 3-4. ஜனவரி பிறந்ததும் ஒடிஷாவில் 0-2.

அந்த இடத்தில் கொஞ்சம் நில். பத்து ஆட்டம் முடிந்து மொத்தம் ஒன்பது புள்ளி. காய்ல் வந்து ஒரு மாசம் ஆகிறது, நான்கு ஆட்டத்தில் நான்கு புள்ளி. கணக்கு மட்டும் பார்த்தால், போனவரைவிட இவர் எந்த விதத்தில் மேல் என்று யாராலும் சொல்ல முடியாது. நீ இப்போது நிற்பது அந்த ஜனவரி முதல் வாரத்தில்தான்.

ஆனால் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. கோவாவிடம் தோற்ற அன்றுகூட மூன்று கோல் போட்டிருந்தோம். அதற்கு முன்னால் ஆறு ஆட்டத்தில் போட்டதே நான்கு. பந்து காலுக்கு வந்தால் பயந்து பின்னால் தள்ளிவிடுகிற பழக்கம் போயிருந்தது. கிரிவெல்லாரோ பந்தை வாங்கியதும் தலையைத் தூக்கி முன்னே பார்த்தார். இடது ஓரத்தில் சாங்டே ஓடத் தொடங்கியிருப்பான். வால்ஸ்கிஸ் நடுவில் காத்திருப்பார். இவர்கள் யாரும் காய்ல் கூட்டிவந்தவர்கள் இல்லை. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோலும் போடாத அதே ஆட்கள்தான். இரண்டு தோல்விக்குப் பிறகு வேறு யாராவது இருந்திருந்தால் எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்திவைத்திருப்பார்கள். காய்ல் நிறுத்தவில்லை. அடுத்த ஆட்டத்திலும் முன்னே போனார்கள். ஹைதராபாத்தில் 3-1, நார்த் ஈஸ்டை 2-0, ஜாம்ஷெட்பூரை 4-1.

அப்புறம் கொச்சி. பிப்ரவரி 1, சனிக்கிழமை. அந்த ராத்திரி உனக்கு மறந்திருக்காது. முக்குக் கடைக்காரர், நாம் காக்கா என்று கூப்பிடுகிறவர், சட்டைக்கு மேலே கேரளா அணியின் மஞ்சள் துண்டு போட்டிருந்தார். கடை முழுக்க மஞ்சள். பாதிப் பேர் நாடுகாணி இறங்கி நிலம்பூர்ப் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்குப் போய்வருகிறவர்கள், பந்தாட்டம் ரத்தத்தில் ஊறியவர்கள். நீலச் சட்டை நாம் இரண்டு பேர்தான். நாற்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிரிவெல்லாரோ முதல் கோல். இடைவேளைக்குள் மூன்று. காக்கா ஒன்றும் பேசாமல் போய்ப் பாலை அடுப்பில் வைத்தார். இடைவேளை முடிந்ததும் கேரளாவின் ஓக்பெச்சே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் நமக்குச் சாங்டே ஒன்று. கடை இரண்டாகப் பிளந்துவிடும் போலச் சத்தம். நீ என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்திருந்தது, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். 4-3 என்று இருக்கும்போது நம்மவர்கள் பின்னால் போகவில்லை. சாங்டே இன்னொன்று, கடைசியில் வால்ஸ்கிஸ் ஒன்று. 6-3. காக்கா டம்ளரை நம் முன்னால் வைத்து, "இந்தக் களிக்குக் காசு வேண்டா" என்றார். களி என்றால் மலையாளத்தில் ஆட்டம். எதிர் அணிக்காரர் கையால் குடித்த அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

மீதி உனக்கே தெரியும். கடைசி எட்டு ஆட்டத்தில் இருபது புள்ளி எடுத்தோம். காய்ல் வந்த பிறகான பன்னிரண்டு ஆட்டத்தில் 28 கோல். 29 புள்ளியோடு நான்காவது இடம். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்து, அங்கே 2-4 என்று தோற்று, மொத்தத்தில் 6-5 என்று பிழைத்தோம்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தவன் நம் எட்வின். எட்வின் சிட்னி வான்ஸ்பால், நெய்வேலிப் பையன். 2019 மார்ச்சில் நானும் நீயும் ஊட்டி வழியாகப் பஸ் மாறிமாறிக் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்குப் போனோமே, சென்னை சிட்டி என்ற இன்னொரு கிளப் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் கோப்பை வாங்கிய நாள். அந்த அணியில் இருந்தவன்தான். அடுத்த சீசனில் நம் அணிக்கு வந்தான், காய்ல் அவனை நடுக்களத்தில் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஆட வைத்தார். டிவியில் அவன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கோல் போட்டவர்கள் பெயர் பேப்பரில் வரும். அவன் ஓடிய ஓட்டம் எந்தப் பேப்பரிலும் வராது. உன் லைனிலும் அப்படி ஒருத்தி இருப்பாள், கண்டுபிடி.

இன்னொன்று. இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

நான் டீ ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் இருந்தபோது, தூள் தயாரிப்பை மேற்பார்க்கிற டீ மேக்கர், எங்களுக்குப் பிடித்தவர், ரிட்டையர் ஆனார். சீசன் நடுவில் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். எங்களில் யாருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அவர் சொன்னதை நான் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன். கொழுந்தைத் திருப்பிவிடு என்றால் பத்து நிமிஷம் கழித்துத்தான் எழுந்திருப்பேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வருவார். தொட்டியில் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி, உள்ளங்கையில் வைத்து இறுக்குவார். சரியாக வாடியிருந்தால் உருண்டை அப்படியே நிற்கும், காம்பு ஒடியாது. வாடாமல் இருந்தால் பட்டென்று ஒடியும், உருண்டையும் விரிந்துவிடும். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ அந்த உருண்டையை என் கையில் வைத்து, "நீங்க சொல்லுங்க, இறக்கலாமா?" என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பழையவர் தங்கமானவர், ஆனால் அவரும் கேட்டதில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும் சார்" என்றேன். சரி என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சொல்லி நான் தாமதித்தது கிடையாது. செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், கேட்பதற்குள் அவரை வேறு ஃபேக்டரிக்கு மாற்றிவிட்டார்கள். உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறவர்களில் ஒருத்தராக நானும் இருந்திருக்கிறேன் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

நீ கேட்டாயே, "எல்லாம் செஞ்சும் கடைசியில தோத்துட்டா?" என்று. அந்த சீசனும் தோல்வியில்தான் முடிந்தது. 2020 மார்ச் 14, கோவா ஃபடோர்டா மைதானம். கொரோனா என்று ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் கொல்கத்தாவிடம் 1-3. வால்ஸ்கிஸ் ஒரு கோல் போட்டபோது கைதட்ட ஆள் இல்லை, அவர் குரல் மட்டும் டிவியில் கேட்டது போல எனக்கு ஒரு நினைப்பு. சீசனில் பதினைந்து கோல் போட்டு, கோல் அடிப்பதில் முதலிடத்துக்கான கோல்டன் பூட் அவருக்கே கிடைத்தது. காய்ல் அந்த வருஷமே ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார், வால்ஸ்கிஸும் கூடவே. அங்கே 2021-22-ல், லீக் சுற்றில் முதலிடம் வருகிறவர்களுக்குத் தருகிற ஷீல்டை ஜெயித்துக் காட்டினார். 2023-ல் திரும்ப நம் அணிக்கே வந்தபோது, கோப்பை தராதவர் என்று கடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. காக்காவே கையெடுத்துக் கும்பிட்டார்.

மெஷினுக்குத் திரும்பவேண்டும் என்று நீ முடிவெடுத்தால் அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அது கௌரவமான வேலை, அந்த வேலைதான் நம் வீட்டுக்கு ஓடு மாற்றிக் கூரை போட்டது. ஆனால் இந்த ஒரு மாசத்தை வைத்து முடிவெடுக்காதே. இன்னும் எட்டு வாரம் கொடு. உனக்கு எது சரியென்று பட்டதோ அதை மாற்றாமல் செய். வாரா வாரம் சனிக்கிழமை போன் பண்ணி அவுட்புட் எவ்வளவு என்று சொல், ஸ்கோர் எழுதிய அதே நோட்டில் எழுதி வைக்கிறேன். பழைய நோட்டு இன்னும் இருக்கிறது, கொச்சி ஆட்டப் பக்கத்தில் உன் கையெழுத்து.

அம்மா டீத்தூள் ஒரு கிலோவும், இஞ்சி போட்ட நெல்லிக்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பக்கத்து லயத்துப் பையன் திருப்பூர் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பாதியை நீ வைத்துக்கொள், பாதியை லைனில் கொடு. ராத்திரி ஷிப்ட் இருந்தால் சாப்பிடாமல் போகாதே.

உன் லைனில் உதவிக்கு இருக்கும் அந்தக் கைமடிப் பெண், தினமும் உனக்குத் தண்ணி பாட்டில் நிரப்பி வைக்கிறாள் என்று சொன்னாயே, அவள் பேர் என்ன? அடுத்த தடவை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா