காவலரைக் குறை சொல்லும் முன் வயரிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோயில் வாசல்களில் மெட்டல் டிடெக்டர் கதவு கத்தினாலும் காவலர்கள் கண்டுகொள்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் பழி முழுவதையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. இந்தக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். நாள் முழுக்கக் காரணமில்லாமல் கத்தும் கதவை எந்த மனிதர்தான் நம்புவார்?

கதவின் ஒரு தூணில் உள்ள கம்பிச்சுருள், நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. நடுவே உலோகம் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அதனால் எழும் சிறு காந்தப்புலத்தை எதிர்த்தூணின் சுருள் வாங்கிக்கொள்ளும். சின்னக் கத்தி ஒன்று தரும் சமிக்ஞை மிக மிக மெல்லியது. பக்கத்திலேயே மின் இரைச்சல் (காதுக்குக் கேட்காத, மற்ற மின்கருவிகளின் குறுக்கீடு) இருந்தால் எது கத்தி, எது இரைச்சல் என்று கருவியால் பிரிக்க முடியாது.

வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைக் கருவி பெரும்பாலும் வடிகட்டிவிடும். தொல்லை தருபவை வேறு. மினுக்கும் சீரியல் செட்டின் கன்ட்ரோலர், எல்.இ.டி. போர்டின் மலிவான பவர் சப்ளை, டியூப் லைட்டின் எலெக்ட்ரானிக் சோக், லிஃப்ட் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் எல்லாமே மின்னோட்டத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. ஒவ்வொரு வெட்டிலும் பல அதிர்வெண்களில் இரைச்சல் சிதறும். அதில் ஒன்று டிடெக்டரின் அதிர்வெண்ணோடு மோதினால் போதும், ஆளே இல்லாத கதவு அலறத் தொடங்கிவிடும். நாமோ திருவிழா வந்தால் அந்தக் கதவின் மேலேயே சீரியல் செட்டைச் சுற்றிவிடுகிறோம்! இரண்டு கதவுகளை ஒரே அதிர்வெண்ணில் அருகருகே நிறுத்தினாலும் ஒன்றையொன்று கெடுக்கும்.

அடுத்து நடப்பதுதான் ஆபத்து. சத்தம் பொறுக்காமல் யாரோ சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறன் அளவை, குறைத்துவிடுவார்கள். கத்தல் நின்றதும் எல்லோருக்கும் நிம்மதி. இரைச்சல் என்னவோ அப்படியேதான் இருக்கும். கத்தியைக் கண்டுபிடிக்கும் திறன்தான் போய்விட்டது. விளக்குகளைக் கழற்றிய பிறகும் அந்த அளவை யாரும் பழையபடி ஏற்றுவதில்லை. 'கருவி ஓடவில்லை' என்று அழைத்த ஓரிடத்தில் கருவியில் எந்தப் பழுதும் இல்லை. என்றோ முடிந்த திருவிழாவுக்காகக் குறைத்த அளவிலேயே அது நின்றுகொண்டிருந்தது.

ஆள் கடக்காதபோது கத்தினால், அருகில் இரும்புக் கேட் எதுவும் ஆடவில்லை என்றால், முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். சுற்றியுள்ள விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாலே காரணம் தெரிந்துவிடும். கதவைச் சற்றுத் தள்ளி வைக்கலாம், தனி லைன் கொடுக்கலாம். பல கருவிகளில் அதிர்வெண்ணை மாற்றும் வசதியே இருக்கிறது. சென்சிட்டிவிட்டியில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்கட்டும்.

தினமும் காலையில் சோதனைக்கான ஓர் உலோகத் துண்டைக் கணுக்கால், இடுப்பு, தோள் உயரங்களில் கொண்டுசென்று பார்க்க வேண்டும். விளக்குகள் எரியும் மாலை நேரத்தில் இன்னொரு முறை பார்ப்பது அதைவிட அவசியம். சென்சிட்டிவிட்டியை மாற்றும் கடவுச்சொல் பொறுப்பான ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். மாற்றினால் தேதி போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். மின் அலங்கார ஒப்பந்தக்காரர்களிடம் கோயில் நிர்வாகங்கள் எழுதி வாங்கும் நிபந்தனைகளில், டிடெக்டர் கதவிலும் அதை ஒட்டியும் விளக்குக் கட்டக் கூடாது என்ற வரியையும் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திண்டுக்கல்