சோலாரைப் புரியவைக்க ஆள் வேண்டாமா?

ஆசிரியருக்கு,

முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இதழியல் படித்து இரண்டு வருடமாகிறது. சோலார் நிறுவனம் ஒன்றில் மக்கள் தொடர்பு உதவியாளர் வேலைக்குப் போனேன், தொடக்கநிலை வேலைதான், அதற்கே மூன்று வருட அனுபவம் கேட்டார்கள். சரி, வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் கொடுக்கும் நோட்டீஸைப் பார்த்தால் முழுக்க ஆங்கிலம். வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும் என்பதோ, பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியத்துக்குப் போய் பில்லில் கழியும் என்பதோ எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது, மொட்டை மாடியில் பேனல் வைத்தால் மழையில் ஷாக் அடிக்கும் என்று என் அத்தையே பயந்துகொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் அவருடைய கரண்ட் பில்லை விரித்து வைத்து வரி வரியாக விளக்கிய பிறகுதான் விண்ணப்பித்தார். இந்த வேலைக்குத்தான் ஆள் வேண்டும். சோலார் நிறுவனங்களே, தமிழில் எழுதவும் பேசவும் தெரிந்த புதியவர்களை, சம்பளம் கொடுத்து ஆறு மாதம் பயிற்சிக்கு எடுங்களேன்.

வாசகி, ஆரல்வாய்மொழி