சத்தம் போடாத ராக்கெட்

ஆன் ஆர்பர், மிச்சிகன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? இங்கே மார்ச் பிறந்தும் பனி விட்டபாடில்லை. சாப்பாட்டுக்குக் குறையில்லை, யாராவது காண்டன் பக்கம் காரில் போனால் முருங்கைக்காய்கூட வந்துவிடுகிறது.

போனில் கேட்டீர்களே, "ராக்கெட் வேலைங்கிற, ஒரு சத்தத்தையும் காணோமே" என்று. மகேந்திரகிரியில் இஸ்ரோ தன் விகாஸ் ராக்கெட் இன்ஜினை ஓட்டும்போது கேட்கிற உறுமலை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். அதன் உந்துவிசை சுமார் 80 டன். நான் சோதிக்கிறது ஹால் த்ரஸ்டர், விண்வெளியில் மின்சாரத்தால் ஓடுகிற சின்ன இன்ஜின். அது தள்ளுவது 40 கிராம். கிராம்தான் அப்பா, கைதவறி எழுதவில்லை. அதற்கு 6 கிலோவாட் மின்சாரம் வேண்டும், கிட்டத்தட்ட நம் கிணற்று மோட்டார் இழுக்கிற அளவு. ஒரு வளையப் பள்ளத்துக்குள் செனான் வாயுவை விடுவோம், காந்தப்புலத்தில் மாட்டிச் சுற்றுகிற எலக்ட்ரான்கள் அதில் மோதி அயனியாக்கும், மின்புலம் அந்த அயனிகளை நொடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளும். விகாஸின் புகை போவது நொடிக்கு 3 கிலோமீட்டர்தான். அதனால் இதற்கு எரிபொருள் கொஞ்சம் போதும், மாதக்கணக்கில் அணைக்காமல் ஓட்டலாம். இதன் பங்காளி மாதிரியான அயனி இன்ஜின்களை வைத்துத்தான் 2007இல் கிளம்பிய நாசாவின் டான் விண்கலம் வெஸ்டா என்ற சிறுகோளுக்கும் சீரிஸ் என்ற குறுங்கோளுக்கும் போனது.

இன்ஜினை விடப் பெரிய தொல்லை அதை வைக்கிற டேங்க். 6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம், 1960களில் கட்டியது. விண்வெளி மாதிரி வெற்றிடமாக்க, உள்ளே இருக்கிற காற்றை எடுக்கவே பல மணி நேரம் ஆகும், அப்புறம் கடுங்குளிர்த் தகடுகளில் செனானை உறைய வைத்துப் பிடிக்க வேண்டும். என்ன செய்தாலும் கொஞ்சம் வாயு மிஞ்சும், அதையும் இன்ஜின் இழுத்துக்கொண்டு, விண்வெளியில் தரப்போவதை விட அதிகமாகத் தள்ளுவதுபோலக் காட்டும். ஆகவே அழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டிக் கூட்டி அளந்து, வாயுவே இல்லாவிட்டால் என்ன வரும் என்று கணக்குப் போடுகிறோம். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இந்தச் சந்தேகப் புத்திதான். நான் வருவதற்கு முன்பு இங்கே உருவான எக்ஸ்3 என்ற ராட்சத ஹால் த்ரஸ்டருக்கு இந்த டேங்க் பத்தவில்லை. 2017இல் கிளீவ்லாந்தில் உள்ள நாசா கிளென் மையத்துக்குக் கொண்டுபோய் ஓட்டினார்கள். 100 கிலோவாட் வாங்கி 5.4 நியூட்டன் தந்தது, அரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதுவே அன்றைக்குச் சாதனை!

வருகிற ஞாயிறு இரவு முழுக்க எனக்கு டெஸ்ட் ஷிப்ட், போன் வராது. அம்மாவிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தூங்கமாட்டாள்.

அன்புடன்,
செல்வம்