வெறுங்கையோடு அனுப்பாத தோட்டக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துத் தோட்டங்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். கியூ, விஸ்லி போன்ற பெரிய தோட்டங்கள் எல்லாம் வந்திருந்தன, சரி. தோட்டக்காரர் எட்வர்ட் அகஸ்டஸ் போல்ஸின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அவர் வாழ்ந்த, வட லண்டனில் இருக்கும் என்ஃபீல்டில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

1865இல் இங்கே மிடில்டன் ஹவுஸில் பிறந்தவர், 1954இல் இறக்கும்வரை அதுதான் அவருக்கு வீடு. பாதிரியாராகும் எண்ணத்தோடு கேம்பிரிட்ஜில் படித்தார். 1887இல் உடன்பிறந்தவர்கள் இருவர் காசநோயில் அடுத்தடுத்துப் போய்ச் சேர, பெற்றோரைத் தனியே விட மனமில்லாமல் வீட்டோடு தங்கிவிட்டார். செடிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தானாகக் கற்றதுதான்.

புல் பூக்கும் மாதங்களில் மகரந்தம் ஒத்துக்கொள்ளாமல் தும்மலும் கண்ணெரிச்சலும் அவரைப் பாடாய்ப் படுத்துமாம். அதற்குத் தப்பி ஆல்ப்ஸ் மலைக்குப் போவார். மலைச்செடிகளைப் பற்றி எழுதிப் பேர் வாங்கிய ரெஜினால்ட் ஃபாரரும் சில பயணங்களில் கூடப் போயிருக்கிறார். மரம் வளரும் எல்லைக்கும் மேலே, தலையணை மாதிரி தரையோடு ஒட்டி வளரும் செடிகள் அவை. பனி அவற்றுக்குப் பகையே இல்லை. பனிப்போர்வைக்கு அடியில் குளிர்காலம் முழுக்க நிம்மதியாக உறங்கும். எங்கள் ஊர்க் குளிர்கால மழைதான் கொன்றுவிடும், வேர் தொடங்கும் இடத்தில் ஈரம் நின்றால் அழுகிப்போகும். அதனால்தான் கல்லும் சரளையுமாக மேடுகட்டி நடுகிறார்கள். போல்ஸும் அப்படியொரு கல்தோட்டம் அமைத்து, ஆயுசு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டார். அவருடைய அஸ்தியையும் அங்கேயே தூவினார்கள்.

குரோக்கஸ் என்றால் அவருக்கு உயிர். நம் குங்குமப்பூவும் அந்த இனந்தான். சிறுவயதிலேயே ஒரு கண்ணில் பார்வை போனவர், பல வகைகளை நீர்வண்ணத்தில் வரைந்து, 1924இல் புத்தகமும் போட்டார். இவ்வளவு ஆசையாகச் சேர்த்ததைப் பூட்டி வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். தோட்டம் பார்க்க வந்தவர்கள் கையில் ஏதாவது ஒரு செடி இல்லாமல் திரும்பியது அபூர்வம். ஊர்ப் பையன்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார், அவர்களைத் தோட்டத்திலும் சேர்த்துக்கொண்டார். இந்தப் பக்கத்துச் சிறுமி ஒருத்திக்கும் செடிகளின்மேல் ஆசையை ஊட்டினார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் முதல் பெண்ணாக 1968இல் இடம்பிடித்த ஃபிரான்சிஸ் பெரி.

எனக்கு இதெல்லாம் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். நாங்கள் குடிவந்த முதல் வசந்தத்தில், ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஒரு தயிர் டப்பாவில் வைத்து ஒரு புல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். இலை, தண்டு, பூ எல்லாமே எலுமிச்சை மஞ்சள். வாடிப்போன செடி என்று நினைத்து, பேச்சுக்கு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். "இது போல்ஸின் தங்கப் புல்லம்மா, என் தாயாருக்கு அவரே தோண்டிக் கொடுத்தது" என்றார். நிழலில் நட்டேன். மறுவருடம் அதைச் சுற்றி நூல் நூலாகக் கன்றுகள். அவையும் முளைக்கும்போதே மஞ்சள்தான்.

அந்த அம்மா போன வருடம் காலமானார். அவர் வீட்டைப் புதிதாக வாங்கியவர்கள் தோட்டம் முழுக்கத் தளம் போட்டுக் கார் நிறுத்த இடம் செய்துவிட்டார்கள். புல் என்னிடம் இருக்கிறது, என் மகள் வீட்டில் இருக்கிறது, அவளோடு வேலை செய்யும் மூன்று பேரிடமும் இருக்கிறது.

மிடில்டன் ஹவுஸ் தோட்டம் இப்போது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. குரோக்கஸ் பூக்கும் பிப்ரவரி, மார்ச்சில் வந்து பாருங்கள். கோடையில் என் புல்லில் விதை முற்றிவிடும். பிரிட்டனில் இருக்கும் உங்கள் வாசகர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் உங்கள் இதழ் வழியாக எழுதச் சொல்லுங்கள், உறையில் போட்டு அனுப்பிவைக்கிறேன். பணம் ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
என்ஃபீல்ட், லண்டன்