உன் மகள் கேட்கும் படிப்பு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நீ கேட்டிருப்பது ஒரு பிள்ளையின் எதிர்காலம், அதனால் அவசரமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. மகள் உடற்கல்விதான் படிப்பேன் என்று நிற்கிறாள். வீட்டில் மற்றவர்கள் "ஓடியாடித் திரிவதற்கு ஒரு பட்டமா?" என்கிறார்கள். நீ இரண்டு பக்கமும் பேச முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாய். சரி, 23 வருடமாக இதையே சொல்லிக்கொடுக்கிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் என் சேதி. முழங்கால் இப்போது பரவாயில்லை. இந்த வருடம் முதலாண்டுக்கு உடற்கூறியலும், கடைசியாண்டுக்கு மலைநடை முகாமும் என் பொறுப்பு. போன வாரம் தொடையின் பின்பக்கத் தசைகளைப் பற்றி வகுப்பு எடுத்தேன். அவை இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளைத் தாண்டிப் போகின்றன. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடப்போகும் நேரத்தில், அந்தத் தசை நீண்டுகொண்டே இழுத்தும் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் கிழிகிறது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் நினைவு வந்துவிட்டது. கடைசி வருடத் தொடர் ஓட்டத்தில் என் கையிலிருந்து கட்டையை வாங்கிப் பத்து எட்டு வைப்பதற்குள் தொடையைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்தாய். ஒரு மாதமாகவே அங்கே இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பயிற்சி கொடுத்தவர் தாங்கிக்கொள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. தானும் அப்படித் தாங்கி ஓடியவர், அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. அதற்கு மேல் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தப் படிப்பு.

நன்றாக விளையாடத் தெரிவது வேறு, இன்னொருவரின் உடம்பைப் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு. உன் மகளுக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பார்.

நீ உடற்கல்வி, விளையாட்டுப் பயிற்சி, வெளிப்புறப் பொழுதுபோக்கு என்று மூன்று படிப்புகளின் பெயர்களை எழுதி, எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். மூன்றுக்கும் உடலியங்கியல், காயங்கள், முதலுதவி, உளவியல் என்று பாடங்கள் பெரும்பாலும் பொதுவானவை. எதிரே நிற்கும் ஆள்தான் வேறு. விளையாட்டுப் பயிற்சியில், ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையோடு தானாகத் தேடி வருபவர்கள் எதிரே நிற்பார்கள். உடற்கல்வியில் எல்லாரும் நிற்பார்கள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளையும், உடம்பு பருமனாக இருப்பதால் ஓட வெட்கப்படுகிற பிள்ளையும் அதில் உண்டு. வெளிப்புறப் பொழுதுபோக்கு, அதாவது மலைநடை, படகு, பாறையேற்றம் போன்றவற்றில், யாரும் ஜெயிப்பதில்லை. போனவர்கள் எல்லாரும் நல்லபடியாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் மூன்றிலும் கடினமானது உடற்கல்விதான். விருப்பமில்லாத ஒருவரை அசைய வைப்பதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் கதையை ஒவ்வொரு வருடமும் முதல் நாள் சொல்லுவேன். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். குளிர்காலம், வெளியே போக முடியாது, உடற்பயிற்சி என்றாலே சலித்துப்போன 18 இளைஞர்கள். இரண்டு வாரத்துக்குள் உள்ளே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். நெய்ஸ்மித் முதலில், விளையாட்டில் ஏன் அடிபடுகிறது என்று யோசித்தார். பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால்தான் பிடித்துத் தள்ளுகிறார்கள். அப்படியானால் பந்தோடு ஓடக் கூடாது. இலக்கு நேர் எதிரே இருந்தால் வேகமாக எறிவார்கள். அப்படியானால் இலக்கு தலைக்கு மேலே இருக்கட்டும், பந்து வளைந்துபோய் மெதுவாக விழட்டும். பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் அடித்து வைத்தார். கூடைப்பந்து பிறந்தது. அவரே பிற்பாடு கான்சஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சி கொடுத்தபோது 55 வெற்றி, 60 தோல்வி. எனக்கு அதனால் அவர் மேல் மதிப்புத்தான் கூடுகிறது. அவர் ஆசிரியர், முழு ஆசிரியர்.

இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, மனிதன் ஒரு திறமையை எப்படிக் கற்கிறான் என்பது. 1979இல் ஷே, மார்கன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கையால் செய்யும் மூன்று அசைவுகள். ஒரு குழு ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று வரிசையாகப் பழகியது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து மாற்றி மாற்றிப் பழகியது. பழகும்போது முதல் குழுதான் வேகம், கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். 10 நாள் கழித்துச் சோதித்தால், கலந்து பழகியவர்களிடம்தான் திறமை நன்றாகத் தங்கியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பயிற்சியில் தடுமாறிய எத்தனை பேரை, இவர்களுக்கு வராது என்று நான் ஓரம் கட்டியிருப்பேன்! அன்றிலிருந்து தடுமாற்றத்தைப் பார்த்தால் கொஞ்சம் பொறுக்கிறேன்.

இன்னொன்றையும் வீட்டில் சொல். இது ஒருமுறை படித்து முடிகிற படிப்பு இல்லை. சுளுக்கினால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தோமே, அந்தச் சூத்திரத்துக்கு 1978இல் சுருக்கப் பெயர் வைத்த மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் மாற்றி எழுதினார். நானும் என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

அப்புறம் மலை. இதை உனக்கு முன்பு சொன்னதில்லை. வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், 14 மாணவர்களோடு 12 கிலோமீட்டர் நடை. சமதரைக் கணக்கில் இரண்டரை மணி நேரம் என்று போட்டு மதியத்துக்கு மேல் கிளப்பினேன். அந்தப் பாதையில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இலேயே கணக்கு சொல்லியிருக்கிறார் (கூடைப்பந்துக்காரர் வேறு, இவர் வேறு; ஒரே துறைக்கு ஒரே பெயரில் இருவர்). இப்போதைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. அப்படிப் போட்டிருந்தால் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் வந்திருக்கும், அதுவும் நிற்காமல் நடந்தால். இருட்டிவிட்டது. இரண்டே டார்ச். ஒரு பெண்ணுக்கு உதடு வெளுத்து, பேச்சுக் குழற ஆரம்பித்தது, கால் தடுமாறியது. உடம்புச் சூடு இறங்குவதற்கு அடையாளம் அது. ஈரச் சட்டையை மாற்றி, நடுவில் உட்கார வைத்து எல்லாரும் சுற்றி அணைத்துக்கொண்டோம். நல்லபடியாகத் தேறினாள். அந்தக் கணக்கு நான் படித்த கையேட்டில் இருந்தது. தேர்வுக்குப் படித்தேன், மலைக்குப் படிக்கவில்லை. இன்று முகாமுக்கு முன்னால் மாணவர்களே வரைபடத்தைப் பார்த்து நேரம் போட வேண்டும். போட்டுக் காட்டாதவர்களை நான் கூட்டிப்போவதில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல் குளத்தையும் புல்வெளியையும் பார்த்து மயங்காதே. நிஜப் பிள்ளைகளுக்கு முன்னால் மாணவர்களை எத்தனை வாரம் நிறுத்துகிறார்கள், அப்போது பேராசிரியர் கூட இருந்து பார்க்கிறாரா என்று கேள். முதலாண்டிலேயே அனுப்பினால் நல்ல இடம். கடைசி வருடம் ஒரே ஒரு மாதம் என்றால் யோசி. வேலை பற்றிய கவலைக்கும் ஒரு வார்த்தை: பள்ளி மட்டும் இல்லை, காயத்திலிருந்து மீள்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் உடற்பயிற்சி சொல்லித்தரவும் இதைப் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். ஆனால் சம்பளம் எடுத்தவுடன் பெரிதாக இருக்காது. அதை மகளிடம் மறைக்காதே.

அடுத்த மாதம் என் மாணவர்கள் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறார்கள். அவளை ஒரு நாள் என்னோடு அனுப்பி வை. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். 30 பிள்ளைகள், ஒரு பந்து, 45 நிமிட வகுப்பு என்றால் ஒரு பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம்தான் பந்து கிடைக்கும், மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்பதுதான். வரிசையின் கடைசியில் நிற்கும் ஒரு பிள்ளையை மட்டும் அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும், அதன் கைக்குப் பந்து வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். வகுப்பு முடிந்ததும், அந்தப் பிள்ளைக்காக எதை மாற்றுவாய் என்று கேட்பேன். அவள் சொல்லும் பதிலை அன்று இரவே உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மூன்றாவது ஓட்டக்காரி